முதல் வாசலிலேயே மங்களம்

வடகரப்பதி,
22-12-1973

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

மலையேறி நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் இங்கே இன்னும் சுண்டல்தான் தின்றுகொண்டிருக்கிறோம். மார்கழி பஜனைக்காரர்களுக்கென்று தெரு முழுக்க வேகவைத்த சுண்டல். நீதான் முதல் வீட்டு வாசலிலேயே கிதாரை மீட்டி மங்களம் பாடிவிட்டாயே! மங்களம் பாடினால் பஜனை முடிந்தது, அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கோலம் போட்டு விளக்கேற்றிக் காத்திருந்த மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் பஜனையை நடத்தும் என் மாமியாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கித்தாருக்காரிகூட இனி நீ பாடக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்கிறார். அப்படியானால் தை மாதம் நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விழாவில் யார் பாடுவது? என் காவடிச்சிந்து, இத்தாலி சிஸ்டர் உனக்குச் சொல்லித்தந்த லத்தீன் பாட்டு, விடுதிக்குப் பக்கத்து ராவுத்தர் வீட்டில் நாம் கற்ற பக்கீர் பாட்டு, மூன்றையும் ஒரே கிதாரில் கோக்க விடுதியில் எவ்வளவு சண்டை போட்டோம்! நினைத்தால் வயிறு எரிகிறது. ஏதாவது வழி சொல்.

உன்
சுப்பாத்தாள்


கம்பம்மெட்டு,
28-12-1973

அடி சுப்பு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கள் எஸ்டேட்டில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் மங்களம் பாடித்தான் கேக் வாங்குவோம். பாடாமல் கிளம்பினால் அந்த வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். உங்கள் கூட்டம் கலைந்ததும், என் பாட்டில் மயங்கிப் போய்விட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்!

அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். மார்கழி இன்னும் முடியவில்லையே, மறுபடி வந்து விட்டுப்போன வாசலிலெல்லாம் பாடட்டுமா? நீ இல்லாமல் எனக்குப் பாட்டே ஓடவில்லை. திருநாள் பூசையில் லத்தீன் பாட்டின் நடுவே உன் காவடிச்சிந்து தானாக விரலில் வந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவர் வேதமுத்து அண்ணாச்சி முறைத்த முறைப்பு இன்னும் முதுகில் சுடுகிறது.

கத்தரீனாள்


வடகரப்பதி,
2-1-1974

கத்தரீனா,

உன் மன்னிப்புக்கு அத்தை "க்கும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் முதல் வீட்டுக் கமலாத்தாள் சும்மா இருந்தால்தானே? "எங்க வாசல்ல மட்டுந்தானுங்க கித்தாரு வாசிச்சாங்க" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறாள். மற்ற வீட்டுக்காரர்கள் தினமும் வந்து, "எங்க வாசலுக்கு எப்பங்க?" என்று அத்தையைக் குடைகிறார்கள்.

நேற்று அத்தை இறங்கி வந்தார். "வரட்டும். ஒரு ஊடு உடாம பாடோணும். அப்புறம் பாக்கலாம் உங்க பள்ளிக்கூட விழாவை." போகியன்று விடியற்காலை பஜனை. முதல் நாளே வந்துவிடு.

சுப்பு


கம்பம்மெட்டு,
6-1-1974

சுப்பு,

கிதார் மாதா கோவிலுடையது என்று உனக்குத் தெரியும். விடுதிக்குக் கொண்டுபோக மட்டும் தந்திருந்தார்கள், ஊர் வந்ததும் கோவில் அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது பஜனைக்கென்று கேட்டேன். "கோயில் கிதாரு பஜனைக்கெல்லாம் போவாது. நீ போவணும்னா குழுவ விட்டுட்டுப் போ" என்றார் அண்ணாச்சி. "சரி அண்ணாச்சி, கிதாரு ஒங்களுது. தொண்ட என்னுது" என்று சொல்லி அலமாரிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாய்தான் வீரமாகப் பேசியது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். சிறு வயது முதல் பாடிய குழு அது.

வெறுங்கையோடுதான் வருவேன். கிதார் இல்லாத கித்தாருக்காரியை அத்தை வாசலில் நிற்க விடுவாரா? மறைக்காமல் எழுது.

கத்தரீனாள்


வடகரப்பதி,
9-1-1974

என் கத்தரீனாளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நிற்பவர் என் மாமனார் அப்புசாமி. முதலில் அவரை உட்காரவைத்துக் காப்பி கொடு.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். உரித்துக்கொண்டிருந்த நிலக்கடலையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டார். "நம்ம வாசல்ல பாடறதுக்காகக் குழுவையே உட்டுப்போட்டாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தோட்டத்திலிருந்து மாமாவைக் கூப்பிட்டு, உங்கள் அண்ணாச்சியைப் பார்த்துவரச் சொன்னார். கூடவே ஒரு மூட்டை நிலக்கடலை, அண்ணாச்சிக்குத்தான். நீ கை வைக்காதே.

"அவரு குடுக்கலீன்னா?" என்று மாமா கேட்டார்.

"கித்தாரு கெடைச்சா வாங்கிட்டு வாங்க. கெடைக்கலீன்னா போச்சாதுங்க. எம்புள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துருங்க."

கலியாணமாகி வந்த நாள் முதலாக என்னைக்கூட அத்தை அப்படிச் சொன்னதில்லையடி. பொறாமையாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பு.

சுப்பு