மிச்சமிருக்கும் ஒரு தடவை

ரிம்விதாஸ்,

பீட்ரூட் சூப் ஃப்ரிட்ஜில இருக்கு, உருளைக்கிழங்கை மட்டும் சூடு பண்ணிக்கோ. சாயங்காலம் ஔஸ்தேயாவோட ஆபீஸ் சிநேகிதன் யுஸ்தாஸ் வருவான்; அவனுக்கும் ஊத்திக் கொடு.

அவளோட கம்ப்யூட்டரைத் திறக்கிற யூ.எஸ்.பி. சாவியைத் தேடாதே, நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன். நம்ம பொண்ணைப் புதைச்சுட்டு வந்து, அதோட ரகசிய நம்பரா நீ அவ பிறந்தநாளைப் போட்டே, நான் உன் பிறந்தநாளைப் போட்டேன், ரெண்டும் தப்பு. இன்னொரு தடவை தப்பாப் போட்டா அது தன்னையே அழிச்சுக்கும். அவ பூட்டி வெச்சிருக்கிற எதையும் அப்புறம் யாராலயும் திறக்க முடியாது.

அந்தக் கடைசித் தடவையைப் போட்டுப் பார்க்க விடலைன்னு நேத்து என்னைப் பயந்தாங்கொள்ளின்னு கத்தினியே, ஆமா, அப்படித்தான்.

வைவா

பூனை சாப்பிட்டாச்சு. சாப்பிடாத மாதிரி நடிக்கும், நம்பாதே.

கோவிச்சுக்காதே. அந்த ஒரு தடவை மிச்சம் இருக்கிற வரைக்கும், நம்மகிட்ட சொல்ல அவளுக்கு இன்னும் ஏதோ இருக்கு.