ஹில்மா அறையின் ஜன்னல்

அக்டோபர் 19

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

இங்கே நானும் ஹில்மாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், இந்த விஷயத்துக்கு அந்தச் சரிம்மா போதாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோடையில் நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்தது. சொந்த வீட்டில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு விட்டிருந்தாலும் இனி உரிமம் வாங்க வேண்டுமாம், அதற்கு முன் ஆள் வந்து பார்ப்பார்களாம். தரைக்குக் கீழே இருக்கும் நம் அறையில் ஹில்மா பத்தொன்பது வருடமாக இருக்கிறாள், உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது என்னோடு முறை வைத்துப் பார்த்துக்கொண்டவள், அவளை யார் வந்து பார்த்து என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெல்டன் என்கிற ஆய்வாளர் வந்தார், உன் வயதுதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவரை வெறும் காபியோடு அனுப்புவது நம் வழக்கமில்லையே, ஏலக்காய் ரொட்டி சுட்டேன், அதோடு நிற்காமல் சனிக்கிழமை மாதிரி காலையிலேயே கீழே சௌனா அடுப்பையும் மூட்டி வைத்தேன், வேலை முடிந்ததும் நீராவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகட்டும் என்று. அதுதான் நான் செய்த முட்டாள்தனம். மனிதர் கீழே இறங்கி எரிகிற அடுப்பைப் பார்த்தார், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹில்மாவின் கட்டிலைப் பார்த்தார், அடுப்பை ஒட்டி ஏறும் ஒரே படிக்கட்டைப் பார்த்தார். "இங்க தீப்பிடிச்சா அவங்க எந்தப் பக்கமா வெளிய வருவாங்கம்மா" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். டேப் வைத்து அளந்துவிட்டு, "இதுல ஒரு ஆள் வர முடியாதும்மா, பனி கொட்டிட்டா சுத்தமா முடியாது" என்றார். அறைக்கு உரிமம் கிடையாது, அக்டோபர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், ரொட்டியைத் தொடவே இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தச் சுவரும் ஜன்னலும் உன் அப்பா தன் கையால் வைத்தவை, அதில் குறை சொல்ல இவர் யார். ஹில்மா வருவதற்கு முன்பு, பதினாறு வயதில், ராத்திரி நான் பின்கதவைப் பூட்டி வைத்தாலும் நீ அந்த ஜன்னல் வழியாகத்தானே நடனத்துக்குப் போய் வந்தாய், எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா. குடியிருப்பவர் உறவுக்காரராக இருந்தால் உரிமமே வேண்டாம் என்று விண்ணப்பத்தில் ஓரிடத்தில் இருந்தது, நானும் பேனாவை எடுத்துத் தங்கை என்று எழுதிவிட்டேன். ஹில்மா அதைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எழுதியது பொய்யாக இருந்தாலும் ஜன்னலாவது மெய்யாக இருக்கட்டும் என்று மறுநாள் காலை அவள் கட்டில்மேல் ஏறி நானே நுழைந்து பார்த்தேன். இடுப்போடு மாட்டிக்கொண்டேன், முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. "ஒரு வாரம் பட்டினி கிட ஆய்லி, இளைச்சு நீயே விழுந்துடுவ" என்று ஹில்மா காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிரித்தாள், நானும் சிரித்தேன். உள்ளே வந்து விழுந்த பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "உன்னாலயே முடியல, இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்க போறது" என்றாள். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தலைமாட்டில் நான் நெருப்பு மூட்டியிருக்கிறேன் கிர்ஸ்டி. தங்கை என்று எழுதிய அந்தத் தாளை அப்போதே கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அவள் இரண்டு பெட்டியைக் கட்டிவிட்டாள், முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அவள் போனால் இந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை, அவளுக்கும் அங்கே யாரும் இல்லை. அப்புறம்தான் உன் அறைக் கதவைத் திறந்தேன். இரண்டு பெரிய ஜன்னல், பின்பக்கப் படிக்குத் தனிக் கதவு. வெல்டன் போன திங்கட்கிழமை திரும்ப வந்து பார்த்துவிட்டு, ஹில்மா அதில் இருக்கலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை நான் அடுப்பை மூட்டவில்லை, அவரும் ரொட்டி சாப்பிட்டார்.

நீ வருவாய் வருவாய் என்று பதினோரு வருடமாக அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன். உன் மேல் கோபம் இல்லை, வருத்தம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. உன் பனிச்சறுக்குக் காலணிகளையும் நீல ஸ்வெட்டரையும் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். எப்போது வந்தாலும் என் கட்டிலில் படுத்துக்கொள், எனக்குச் சோபா போதும்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், கை கால் சுகத்தோடு இரு, அங்கே உன் அறையில் புகை வந்தால் அலறும் மணி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அமுக்கிப் பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உரிமம் வந்தும் ஹில்மா இன்னும் கூடத்துச் சோபாவில்தான் படுக்கிறாள், பெட்டியையும் பிரிக்கவில்லை. "அது அந்தப் பொண்ணு ரூம், அவ சொல்லாம நான் எப்படிப் படுக்கறது" என்கிறாள். எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கு ஒரு வரி எழுதிப் போடு.

உன் அம்மா,
ஆய்லி