கையில் வாங்கிய பிரசாதம்

வியாழக்கிழமை, இரவு.

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பஞ்சாமிர்த வாசம் போகவில்லை.

புகார் கொடுக்க, மில்லில் என்னோடு வேலை பார்க்கும் சுதாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இங்கேயே இலங்கை அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். மில்லில் அவளைப் பலாத்காரம் செய்த சூப்பர்வைசர், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பழனிக்குப் போய்வந்தானாம். அவன் கொடுத்த பஞ்சாமிர்தத்தை நக்கிக்கொண்டே ஏட்டு அவளிடம், “ஒனக்குக் குடியுரிமையே கெடையாது. கேஸுன்னு போனா முகாம் பதிவையும் நோண்டுவாங்க, பாத்துக்க” என்றார்.

மொட்டை எழுந்து வந்து அவளுக்கும் ஒரு கரண்டி நீட்டினான். பிரசாதமாயிற்றே, பழக்கத்தில் அவள் கை தானாக நீண்டுவிட்டது.

“அம்புட்டுத்தான். பிரசாதத்தையே வாங்கிட்டா. சமாதானமாப் போயிட்டாங்க” என்று ஏட்டு எழுந்துவிட்டார். நான் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அவள் மூடிய கையைத் திறக்கவே இல்லை. கீழே போடச் சொன்னேன். “கால்ல படக் கூடாதேக்கா” என்றாள். நான்தான் வழித்து வாங்கிக்கொண்டேன்.

நாளைக்கே மேலதிகாரியிடம் போவோம் என்றேன். நாளை முகாமில் கணக்கெடுப்பு. ஆள் இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள்.

“நாளான்னைக்கு வாரேன்க்கா. கண்டிப்பா வாரேன்.”

அவள் வருவாள். நான்தான் மறுபடியும் சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன்.