கிரீசுக்கு அடியில்

ஞாயிறு இரவு, கொட்டாஞ்சேனை.

போன மாதம் வாங்கிய பழைய பைக்கை டீலரிடம் சர்வீசுக்குக் கொடுக்கச் சொன்னாள் என் மனைவி மெரினா. நானே செய்கிறேன் என்று மத்தியானம் கீழே இறங்கினேன். ஒயில் மாற்றிவிட்டு, எஞ்சினில் அப்பியிருந்த கிரீசைத் துடைத்தேன். எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவிய தழும்புதான் இருந்தது. விற்றவனுடைய போன் வேலை செய்யவில்லை. கிரீசைத் திரும்பவும் பூசினேன். இனி எந்த டீலரிடமும் கொண்டுபோக முடியாது. பொலிசுக்குப் போனால், களவு பைக் என்று என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

சாப்பிடும்போது மெரினா சொன்னாள்: “காலமை நீங்க கடைக்குப் போயிருக்கேக்க ஒரு ஆள் வந்து, பைக் ஆருடையதெண்டு கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனி?”

“என்ர மனுசன்ர எண்டனான். உங்கட பேரையும் எழுதிக்கொண்டு போனவர்.”

அவள் தூங்கிவிட்டாள். அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.