சம்பந்தி வீட்டு விருந்தில் நான் வாயைத் திறந்தது

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மாடும் கன்றும் நலம், உன் தம்பி எர்கின் உயிரோடு இருக்கிறான். நீயும் மாப்பிள்ளையும் அந்த மாஸ்கோ குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் அதே அறையில் மாப்பிள்ளை மக்சாத்தும் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால்தான் காகிதத்தை எடுத்தேன். அங்கே வரும் நம் பக்கத்து வீட்டு ரோசாவிடம், உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் விருந்தில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று யாராவது உன் காதில் போட்டிருந்தால், நடந்தது இதுதான், கேட்டுக்கொள்.

எர்கின் குடிக்கிறான் என்பது உனக்குத் தெரியும், இவ்வளவு என்று தெரியாது. காலையில் ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நிற்கும். அந்தக் கையோடுதான் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு டொலோன் கணவாயைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தான். போன மாதம் அவனே அடுப்படிக்கு வந்து, "அம்மா, என்னால நிறுத்த முடியல, என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்று அழுதான். நான் உடனே கோட்டை மாட்டினேன், உன் அப்பா கதவை மறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் குடிகாரர் என்று பெயர் பதிவாகும், பதிவானால் லைசென்ஸ் போகும், அப்புறம் வேன் எதற்கு, யார் பெண் கொடுப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதோடு இந்த மாவட்டத்தில் குடிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒரே ஒருவர், அவரும் உன் மாமனார். பெண் கொடுத்த வீட்டில் போய் நம் பிள்ளை குடிகாரன் என்று எப்படிச் சொல்வது என்று மருகிப் போனார். கடைசியில், ஆஸ்பத்திரி வேண்டாம், உறவு முறையில் வீட்டுக்குப் போவோம், சமயம் பார்த்துச் சொல்வோம் என்று முடிவாயிற்று. எர்கின் முந்தின நாளே குடியை அடியோடு விட்டுவிட்டான். அப்படித் திடீரென்று விடுவது ஆபத்து என்று எனக்குத் தெரியாது, நல்ல பிள்ளை என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

சம்பந்தி வந்தால் சும்மா விடுவார்களா, பஸ்ஸில் போய் இறங்கியதும் ஆட்டை அறுத்துவிட்டார்கள். கறி வேகும்வரை விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் தேநீருமாகப் பேச்சு ஓடுகிறது, எர்கினுக்குச் சட்டை நனைய வியர்க்கிறது. அப்புறம் உன் மாமனார் ஓட்காவைத் திறந்தார். ஊரார் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்குகிற மனிதர்தான், ஆனால் வீடு தேடி வந்த சம்பந்திக்கு ஊற்றாவிட்டால் அவருக்கல்லவா கேவலம்! ஒவ்வொருவராக வாழ்த்துச் சொல்லிக் குடிக்க வேண்டும். எர்கின் முதல் சுற்றில் உதட்டில் மட்டும் வைத்துக் கீழே வைத்தான். உன் மாமியார் துர்சுன் பார்த்துவிட்டாள். "என்ன தம்பி, எங்க வீட்டுது தொண்டையில இறங்காதா? அக்காவைக் கட்டிக் கொடுத்த வீடுன்னு இளக்காரமா?" என்று சிரித்தாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எர்கின் கிளாஸை எடுத்தான், பாதி சட்டைக் கைக்குள் போயிற்று, மீதியை வாய்க்குக் கொண்டு போனான். இதற்குமேல் என்ன சமயம் பார்ப்பது? நான் எட்டி அந்தக் கிளாஸைப் பிடுங்கிவிட்டேன். "சம்பந்தி, நாங்க விருந்துக்கு வரல. உங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்திருக்கோம். இவன் குடிச்சாலும் சாவான், விட்டாலும் சாவான் போல இருக்கு" என்றேன்.

துர்சுன் விருட்டென்று எழுந்து போய்விட்டாள். உன் மாமனார் பாட்டிலை மூடினார். எர்கினின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எப்ப நிறுத்தின? ஏண்டா நேரா ஆஸ்பத்திரிக்கு வரல?" என்று கத்தினார். பெயரை எழுதிவிடுவீர்களே என்றேன். "எழுதத்தான் செய்வேன். சம்பந்தி மகன்னு மறைக்க மாட்டேன். வருஷக்கணக்கா குடிக்காம இருந்து காட்டினா எடுக்கலாம். இப்ப இவன் வண்டியில நீங்க ஏறுவீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார். எர்கின் வேன் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். ஆட்டுக்கறியை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் சேர்த்த அன்றே வலிப்பு வந்தது. வீட்டில் வந்திருந்தால் வாயில் தண்ணீரை ஊற்றி நானே கொன்றிருப்பேன். இப்போது சூப் குடிக்கிறான், நன்றாகத் தூங்குகிறான். வேன் வாசலில் பனி மூடிக் கிடக்கிறது, குளிர்காலம் எப்படிக் கழியும் என்று தெரியவில்லை, அப்பா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் திருப்பிப் பார்க்கிறேன்.

நேற்று துர்சுன் வார்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் என்று நானும் சட்டைக் கையை மடித்துவிடாத குறையாகத் தயாராக நின்றேன். அவளோ என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், "உன் மக ஏதாச்சும் சொல்றாளா? என் புள்ள போன்ல பேசறப்ப நாக்கு குழறுது. டாக்டர் பொண்டாட்டி நான், யார்கிட்ட போய்க் கேப்பேன்?" என்று அழுதாள். அன்றைக்கும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லையாம், அடுக்களையில் நின்று அழுதிருக்கிறாள்.

பெர்மெத், மாப்பிள்ளை குடிக்கிறாரா? மாமனார் பெயர் கெடும், அம்மா வீட்டுக்குத் தலைகுனிவு என்று நீ மூடி வைத்திருந்தால், போதும். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை அனுமதி பறிபோகும் என்று பயந்தால் இங்கே வந்துவிடுங்கள். எழுத முடியாவிட்டால் ரோசாவிடம் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல், அவள் எனக்குப் போன் செய்வாள். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இறைவன் உன் ஆயுளை நீட்டிக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நீ ஆமாம் என்றால், உன் மாமியாரும் நானும் ஒரே ரயிலில் ஏறி வருகிறோம்.

உன் அம்மா,
அனார்குல்