மூச்சு வாங்கும் இடம்

நியூயார்க்

அன்புள்ள அத்தாவுக்கு, அல்லாஹ் உங்களுக்கு ஸலாமத்தைத் தரட்டும். இளைப்பு குறைந்திருக்கிறதா?

நான் எழுதிப் பாடி அனுப்பிய பாட்டைக் கேட்டு, "எத்தினி பேரு உங்கூடப் பாடுறாங்க, இனிமே எனக்குக் கவலையில்லம்மா" என்றீர்கள். ஜாஸ் பேண்டில் டிரம்பெட் வரிசை கேள்வி கேட்கும், சாக்ஸபோன் வரிசை பதில் சொல்லும். அதையே குரல்களில் அமைத்திருந்தேன். இங்கே என் இசை வாத்தியார் கேட்டுவிட்டு, எல்லாக் குரலும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறது, கூடப் பாட யாருமே இல்லையா என்றார். ஆமாம் அத்தா, அத்தனையும் நான்தான். ஒவ்வொன்றாகப் பாடிச் சேர்த்தேன். அவரிடம் சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

கீழ்க்குரல் எனக்கு எட்டவில்லை. அதை நீங்கள் முணுமுணுத்து, போனில் பதிந்து அனுப்புங்கள். பல்லாவரம் ரயில் சத்தம் விழுந்தாலும் பரவாயில்லை. மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்தி, நிதானமாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூச்சுச் சத்தத்தை நான் வெட்ட மாட்டேன்.

உங்கள் மெஹ்ரீன்