அடியில் பார்க்காமல் வாங்கிய லோரி

மச்சான்,

இன்று காலை லாபு டவுனுக்குப் பக்கத்தில் பழைய லோரி விற்கும் இடத்துக்குள் நுழைந்ததுமே புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. டிரெய்லர் இழுக்கிற லோரித் தலை ஒன்று, சிவப்பாக மின்னிக்கொண்டு நின்றது. அடிச்சட்டத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். "போன வாரம்தான் அடிச்சோம், பாருங்க பாஸ்" என்றார் விற்பவர். நான் அடுத்த லோரிக்கு நகர்ந்துவிட்டேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நாம் கூட்டாகத் தொழில் தொடங்கியபோது எனக்கு லோரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன், பேசத் தெரியும், அவ்வளவுதான். நீ இருபது வருஷம் மற்றவர்களுடைய டிரெய்லர் ஓட்டியவன். செம்பனைப் பழக்குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் காண்ட்ராக்டை நான் பேசி வாங்கினேன். லோரியைத் தேர்ந்தெடுப்பது உன் வேலை என்று முடிவு செய்தோம்.

இரண்டு மாதம் என்னைக் கெமாஸ் வரை இழுத்துக்கொண்டு அலைந்தாய். ஏழு லோரியை வேண்டாம் என்றாய். ஒன்றில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நாம வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருக்கான். ஆறிப்போயிருந்தா ஸ்டார்ட் ஆவாது போல" என்றாய். இன்னொன்றில் முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மற்றொன்றில், இன்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை குபுகுபுவென்று வருவதைக் காட்டினாய். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை தோட்டத்தில் வேலை ஆரம்பிக்க வேண்டும். இருந்தது ஒரு வாரம்தான்.

எட்டாவதாகப் பார்த்ததுதான் அந்த நீல லோரி. புதுப் பெயிண்ட். இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று நீயே சொன்னாய். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாய்.

"பொறுடா, அடியில ஒரு தடவ சுரண்டிப் பாத்துட்டு வந்துர்றேன்."

"நீ சுரண்டிக்கிட்டே இரு. வேற ஆள் தூக்கிட்டுப் போயிடுவான்லா. இன்ஜின் நல்லாருக்குன்னு நீதானே சொன்ன?"

நீ சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாய். அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம்.

ஐந்தாவது மாதம், புக்கிட் பெலண்டோக் வளைவில், நீ முழுப் பாரத்தோடு ஓட்டி வரும்போது லோரியின் அடிச்சட்டம் உடைந்து டிரெய்லர் சாய்ந்தது. பழக்குலைகள் சாலை முழுக்க உருண்டு கிடந்தன. உனக்குத் தோள் இறங்கிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோட்ட மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கியதும், காண்ட்ராக்ட் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. நீ தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போதே, "டிரைவர் தப்பு சார். வேகமா வளைச்சிட்டான். ஆள மாத்திர்றேன்" என்றேன்.

"நான் மெதுவாத்தாண்டா வந்தேன்" என்றாய் நீ, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நீ லோரிப் பக்கமே வரவில்லை.

இதுவரை நடந்தது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது இதுதான். பத்து நாள் கழித்துப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உடைந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருந்தார். அடியில் பழைய விரிசல், அதன்மேல் அரைகுறையாக ஒரு வெல்டிங். "இது எப்பவோ உடைஞ்சது. யார் ஓட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார். உன் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். மோட்டார் சைக்கிளை எடுத்து உன் சந்து முனை வரை வந்தேன். சொன்னால் மேனேஜரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திரும்பிப் போய்விட்டேன். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம் என்று நாலு வருஷம் ஓட்டினேன். பிறகு நெஞ்சுவலியில் நீ போய்விட்ட செய்திதான் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு லோரிய விட்டுட்டு பேக்டரி கேட்ல காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போனாரே, ஏன்னு தெரியுமாண்ணே? உங்க மேல கோபம்னு நெனச்சீங்களா? 'நான் மெதுவாத்தான் வந்தேன்னு நெனச்சேன், ஆனா அவன் சும்மா சொல்ல மாட்டான், என் கைக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு'ம்பாரு. அதுக்கப்புறம் எங்க மகன் காரைக்கூடத் தொடல."

உனக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் ஒளிந்திருந்தேன். நீயோ என் பொய்யை நம்பிவிட்டாய், மச்சான்.

போன மாதம் தோட்டத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் இப்ப எங்க இருக்காரு?" என்றார்.